எண்ணிலிருந்து எழுத்துக்கு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)





கணிதத்தைப் பற்றிப் பேசவேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது நான் தயங்கினேன். நாள் முழுவதும் உழைத்துக் களைத்து வந்திருப்பவர்கள் முன்னிலையிற் சமன்பாடுகளைப் பற்றிப் பேசுவது அவ்வளவு இனிய காரியமன்று. நான் கணிதத்தில் வல்லவனுமல்லன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்திற் படிக்கும் மாணவன். ஆயினும், இம்மண்டபத்திற் சனிக்கிழமைதோறும் நடைபெறும் இலவச வகுப்பிற் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடமாகக் கணிதம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவ்வகுப்பில் நான் ஒரு பிழை செய்தேன். அதனை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ளவேண்டும் என்னும் எண்ணமே என்னை இன்று இம்மேடைக்குக் கொண்டுவந்தது.

சென்ற வருடம் என்னிடம் ஒரு மாணவன் படித்தான். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு மூன்று மாதமே இருந்தது. காலம் போதாது என்று எண்ணி, அவனுக்குக் குறுக்குவழிகளைக் கற்பித்தேன். "மறுபக்கம் போனாற் குறி மாறும், மறையை மறையாற் பெருக்கினால் நேர், மேலும் கீழும் ஒன்றாக இருந்தால் வெட்டு" என்று சூத்திரம் சூத்திரமாகச் சொன்னேன். அவனும் நல்ல பிள்ளை; எல்லாவற்றையும் மனனஞ் செய்தான். வகுப்பிற் கொடுத்த கணக்குகளைச் செய்தும் காட்டினான். பரீட்சையிலே கணக்குகள் சற்று உருமாறி வந்தன. எந்தச் சூத்திரத்தை எங்கே இடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சித்தியடையவில்லை. "அண்ணை, எனக்குக் கணக்கு ஓடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வகுப்புக்கு வராமலே நின்றுவிட்டான்.

சில மாதங்களின் பின்பு, சங்கத்துப் பொங்கல் விழாவுக்குத் தேங்காய் வாங்கச் சந்தைக்குப் போனேன். அங்கே தகப்பனாரின் கடையில் அதே பிள்ளை நின்றான். தேங்காய் ஒன்று 195 ரூபா. நான் 17 தேங்காய் எடுத்தேன். கைத்தொலைபேசியை எடுத்துக் கணக்குப் பார்க்க முயன்றேன். அதற்குள் அவன், "மூவாயிரத்து முந்நூற்றுப் பதினைஞ்சு, அண்ணை" என்றான். "எப்படித் தம்பி பார்த்தாய்?" என்று கேட்டேன். "இதிலை என்ன அண்ணை இருக்கு? ஒரு காயை இருநூறு எண்டு பிடிச்சால் மூவாயிரத்து நானூறு. காய்க்கு அஞ்சு ரூபா கூடப் பிடிச்சிட்டம். பதினேழஞ்சு எண்பத்தைஞ்சு. அதைக் கழிச்சால் சரி" என்றான்.

நான் அங்கே வெட்கித்து நின்றேன். அவன் செய்தது யாது?

17 × (200 − 5) = 17 × 200 − 17 × 5

இதுதான் அது. இதனையே நான் சென்ற வருடம் கரும்பலகையில், அ(ஆ − இ) = அஆ − அஇ என்று எழுதினேன். அப்பொழுது அவன் விழித்தான். கடையில் நாளொன்றுக்கு நூறு தடவை செய்யும் காரியந்தான் அது என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. "கணக்கு ஓடாது" என்றது அவன் வாய்; அப்படிச் சொல்லவைத்தது என் கற்பித்தல்.

அன்பர்களே, இன்று நான் சொல்லவந்தது ஒன்றே. அட்சரகணிதம் என்பது எண்கணிதத்துக்குப் புறம்பாக எங்கிருந்தோ வந்த வேறொரு பாடமன்று. எண்களில் நாம் செய்வதையே, எல்லா எண்களுக்கும் பொருந்துமாறு பொதுமையாகச் சொல்லும் பேச்சே அது. எண்ணில் வேரூன்றாத எழுத்து வாடிப்போகும்.

அது அந்நியமான பாடமுமன்று. எண்ணையும் எழுத்தையும் கண்களாகக் கொண்டார் வள்ளுவர். பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டளவில் "லீலாவதி"யில் எண்கணிதத்தையும் "பீஜகணித"த்தில் எழுத்துக்கணிதத்தையும் எழுதினார். தெரியாத எண்ணை "யாவத்தாவத்" என்று குறித்து, சுருக்கமாக "யா" என்று எழுதுவது அக்கால வழக்கம். தெரியாத எண்கள் பலவாயின், கறுப்பு, நீலம், மஞ்சள் என நிறங்களின் பெயரை இட்டார்கள். நமது நாட்டிலும், வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய செமினரியிற் படித்த கரோல் விசுவநாதபிள்ளை, "வீசகணிதம்" என்ற நூலைத் தமிழிலே எழுதினார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே 1857ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே தமிழ்ப் பிள்ளை தமிழில் அட்சரகணிதம் படிக்கலாம் என்று எண்ணியவர்கள் நம் முன்னோர். ஆதலின், "அது நமக்கு வராது" என்ற பேச்சை முதலில் விட்டுவிடுவோம்.

இனி, பிள்ளைகள் இடறும் இடங்கள் சிலவற்றைக் காட்டுகிறேன்.

முதலாவது இடறல், சமன் குறி. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பெட்டிக்குள் 12 என்று எழுதும் பிள்ளைகள் பலர். சரியான விடை 7. பிள்ளை ஏன் 12 என்று எழுதுகிறது? சமன் குறியைக் கண்டால் "விடையை எழுது" என்று யாரோ கட்டளையிடுவதாக அது எண்ணுகிறது. இக்குறியை 1557ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் றொபேட் றெக்கோட் என்பவர். இரண்டு சமாந்தரக் கோடுகளைப் போல ஒன்றுக்கொன்று ஒத்த பொருள் வேறில்லை என்று கருதியே அவர் அதனைத் தெரிந்துகொண்டார். ஆகவே சமன் குறி கட்டளையன்று, தராசின் நடுமுள். இந்தத் தட்டில் உள்ளதும் அந்தத் தட்டில் உள்ளதும் ஒரே நிறை என்பதே அதன் பொருள். இதனை விளங்காத பிள்ளைக்குச் சமன்பாடு விளங்காது.

இரண்டாவது இடறல், "மறுபக்கம் கொண்டுபோதல்". 3ய = 12 என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னேன். ஒரு பிள்ளை ய = 12 − 3 = 9 என்று எழுதியது. "ஏனம்மா?" என்று கேட்டேன். "மூன்றை அந்தப் பக்கம் கொண்டுபோனேன், குறி மாறியது" என்றது. பிள்ளையிற் குற்றமில்லை. நாம் சொன்னதையே அது செய்தது. உண்மையில், சமன்பாட்டில் எதுவும் எங்கும் போவதில்லை. நான் படித்த மிஷன் பாடசாலையில் ஓர் ஆசிரியர் வகுப்புக்கே தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு தட்டில் ஒரே நிறையுள்ள மூன்று பொட்டலங்கள். மறுதட்டிற் பன்னிரண்டு படிக்கற்கள். "பொட்டலம் ஒன்றின் நிறை என்ன?" என்றார். ஒருவரும் பன்னிரண்டிலிருந்து மூன்றைக் கழிக்கவில்லை. இரு தட்டுகளையும் மூன்றாகப் பங்கிட்டோம், நான்கு என்றோம். பின்பு ஒரு பொட்டலத்தோடு ஏழு கற்களை வைத்தார், மறுதட்டிற் பத்தொன்பது. இரு தட்டுகளிலிருந்தும் ஏழேழு கற்களை எடுத்தோம். ய + 7 = 19 தீர்ந்தது; அவ்வேளை பொட்டலத்தில் 12. இரு பக்கத்துக்கும் ஒரே காரியத்தைச் செய், தராசு சாயாது. இவ்வளவுதான் விதி. "குறி மாறும்" என்பது இவ்விதியின் நிழல். நிழலைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடுகிறோம்.

ஒன்பதாம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி தமது நூலின் பெயரில் "அல்-ஜப்ர்" என்ற சொல்லை வைத்தார். அல்ஜீப்ரா என்ற பெயர் அதிலிருந்தே வந்தது. குறைந்துபோனதை நிறைவாக்குதல் என்பது அதன் பொருள். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அதே சொல் வழங்கியது. 3ய − 5 = 16 என்பதில் இடப்பக்கம் ஐந்து குறைந்து நிற்கிறது. இரு பக்கமும் ஐந்தைக் கூட்டுகிறோம்; 3ய = 21; ய = 7. முறிவு நெரிவு வைத்தியர் எலும்பைப் பொருத்தியது போலவே, குறைந்ததைப் பொருத்திவிட்டோம்.

மூன்றாவது இடறல், மறை எண்கள். மறையை மறையாற் பெருக்கினால் நேர் எண் ஏன் வருகிறது என்று நான் சிறுவனாய் இருந்தபோது ஓர் ஆசிரியரிடம் கேட்டேன். "அது விதி, எழுது" என்றார். எழுதினேன். ஆனால் அன்று முதல் ஏறக்குறைய இரண்டு வருடம் எனக்குக் கணிதத்தின்மேல் நம்பிக்கை இல்லாமற் போயிற்று. காரணமில்லாத விதி ஒன்று இருக்குமாயின், மற்ற விதிகளுக்கும் காரணம் இருக்க வேண்டியதில்லையே என்று தோன்றியது. பிரமகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே நேர் எண்ணைச் செல்வமாகவும் மறை எண்ணைக் கடனாகவும் கொண்டு இவ்விதிகளையெல்லாம் வகுத்தார் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். ஆயினும் கடனைக் கடனாற் பெருக்குவது எப்படி என்ற ஐயம் தீரவில்லை. அதனைத் தீர்த்தது ஏழெட்டு ஐம்பத்தாறு என்னும் வாய்ப்பாடே.

7 என்பதை 10 − 3 என்றும் 8 என்பதை 10 − 2 என்றும் எழுதுவோம். பெருக்குவோம். பத்தைப் பத்தாற் பெருக்க 100. பத்தை மறை இரண்டாற் பெருக்க மறை 20. மறை மூன்றைப் பத்தாற் பெருக்க மறை 30. இதுவரை 100 − 20 − 30 = 50. மீதி இருப்பது மறை மூன்றையும் மறை இரண்டையும் பெருக்குவது. அது மறை 6 ஆனால் விடை 44 ஆகும். அது நேர் 6 ஆனால் விடை 56 ஆகும். ஏழெட்டு எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். ஆகவே நேர் 6 ஆகாமல் வேறு வழியில்லை. எவரோ ஒருவர் ஆணையிட்டதால் வந்ததன்று இவ்விதி. வாய்ப்பாடு பொய்யாகாமல் இருக்கவேண்டுமாயின் இவ்விதி மெய்யாக இருந்தே ஆகவேண்டும்.

நான்காவது இடறல் மிகப் பெரிது. (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதாத மாணவன் இந்த நாட்டில் இருக்கமாட்டான், நானும் எழுதியிருக்கிறேன். இதற்கு மருந்து சிறிய எண்களே. அ = 3, ஆ = 4 என்று இட்டுப் பாருங்கள். ஏழின் வர்க்கம் 49. ஒன்பதும் பதினாறும் 25. இருபத்து நான்கு எங்கே போயிற்று? ஒரு சதுரமான தோட்டத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 13 முழம். பத்து முழத்திற் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரம்பு போடுங்கள். மூலையில் 10 × 10 ஆன பெரிய பாத்தி. எதிர்மூலையில் 3 × 3 ஆன சிறிய பாத்தி. இவற்றை மாத்திரம் எண்ணுபவன் 109 என்பான். ஆனால் இரு ஓரத்திலும் 10 × 3 ஆன நீண்ட பாத்திகள் இரண்டு கிடக்கின்றனவே! அவை 30உம் 30உம். எல்லாம் சேர்ந்தால் 169. நடுவே வரும் 2அஆ என்பது அவ்விரு பாத்திகளே. அதனை விட்டுவிடுபவன் தன் தோட்டத்தில் இரண்டு பாத்தியைத் தண்ணீரின்றி வாடவிடுபவனாவான்.

பின்னங்களிலும் இப்படியே. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறது பிள்ளை. அரைக் கொத்து அரிசியோடு மூன்றிலொரு கொத்து அரிசியைச் சேர்த்தால், அரைக் கொத்திலுங் குறைந்துவிடுமா? அப்படிக் கேட்டவுடன் பிள்ளை சிரிக்கும். சிரித்தபின் தானே திருத்தும். நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் பின்னத்துக்கெல்லாம் பெயர் இருந்தது. முந்திரி என்பது 320இல் ஒன்று. காணி நான்கு முந்திரி. மா பதினாறு முந்திரி. கால் எண்பது முந்திரி. காலையும் மாவையும் கூட்டவேண்டுமானால் 96 முந்திரி, அதாவது ஆறு மா. பொதுப் பகுதி எண் காணுதல் என்று இன்று நாம் சொல்வதை அவர்கள் பெயர்களுக்குள்ளேயே அமைத்துவிட்டார்கள்.

இவ்வளவுங் கேட்ட பெரியவர்கள், "அப்படியானால் மனனம் வேண்டாமா?" என்று கேட்கலாம். நான் அவ்வாறு சொல்லவில்லை. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள் என்று நீங்கள் குறைகூறுவது நியாயமே. அதன் கேடு அட்சரகணிதத்திலேதான் வெளிப்படுகிறது. ய² − 14ய + 48 என்பதைக் காரணிப்படுத்தவேண்டும். பெருக்கினால் 48, கூட்டினால் 14 வரும் இரண்டு எண்கள் வேண்டும். வாய்ப்பாடு அறிந்த பிள்ளைக்கு நாற்பத்தெட்டு என்றவுடன் ஒன்று நாற்பத்தெட்டு, ஈரிருபத்து நான்கு, மும்பதினாறு, நாற்பன்னிரண்டு, ஆறெட்டு என்று சோடிகள் வரிசையாக வந்து நிற்கும். ஆறும் எட்டும் பதினான்கு. விடை (ய − 6)(ய − 8). வாய்ப்பாடு அறியாத பிள்ளை இருட்டிலே துழாவும். கைத்தொலைபேசி பெருக்கித் தரும். ஆனால் எந்த எண்களைப் பெருக்குவது என்று அது பிள்ளையின் மனத்துக்குள் வந்து சொல்லாது. ஆகவே வாய்ப்பாட்டை மனனஞ் செய்வோம், விதியையோ விளங்கிக்கொள்வோம். முன்னது கைக்கருவி, பின்னது கைத்திறன்.

குறுக்குவழியையும் நான் பகைக்கவில்லை. 35இன் வர்க்கம் காண்பதற்கு ஒரு வழி உண்டு. மூன்றை அதற்கு அடுத்த நான்காற் பெருக்கு, 12. பக்கத்தில் 25ஐ எழுது, 1225. ஐந்தில் முடியும் எண்ணுக்கெல்லாம் இது பொருந்தும். பிள்ளைகள் இதனை மாயவித்தை என்று எண்ணுவார்கள். அட்சரகணிதம் வந்து திரையை நீக்கும். எண்ணை 10அ + 5 என்று கொள். அதன் வர்க்கம் 100அ² + 100அ + 25. அது 100 × அ(அ + 1) + 25. அதுவே வித்தை. அவ்வாறே 43 × 37 என்பதை (40 + 3)(40 − 3) என்று கண்டவனுக்கு 1600 − 9 = 1591 என்று நொடியில் விடை வரும். எண்ணிலிருந்து பிறந்த எழுத்து, திரும்பி வந்து எண்ணுக்கு உதவுகிறது. வளர்ந்த பிள்ளை பெற்றோருக்கு உதவுவது போல. பாதை தெரிந்தவன் குறுக்குவழியாற் போகலாம். பாதையே தெரியாதவனைக் குறுக்குவழியில் விட்டால் அவன் காட்டிலே நிற்பான். சென்ற வருடம் நான் ஒரு பிள்ளையை அப்படித்தான் விட்டேன்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு மூன்று வார்த்தை. வாய்ப்பாட்டை இருபது நாள் காலையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த எழுத்து விதியைக் கண்டாலும் இரண்டு சிறிய எண்களை இட்டுப் பாருங்கள். பொய் விதி அங்கேயே பிடிபடும். விடை கண்டபின், அதனைக் கணக்கிலே திரும்ப இட்டுச் சரிபாருங்கள். இம்மூன்றுக்கும் பணம் வேண்டாம். பெரிய ரியூசன் வகுப்பும் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். "எங்கள் குடும்பத்துக்கே கணக்கு ஓடாது" என்று பிள்ளை கேட்கச் சொல்லாதீர்கள். கணிதம் சாதாரணதரத்திற் கட்டாய பாடம். அதிலே தவறும் பிள்ளைக்குப் பின்னாற் பல வாயில்கள் அடைபடுகின்றன. அந்த ஒரு வாக்கியம் சில வேளைகளிற் பிள்ளையின் கையிலிருந்து பேனாவையே வாங்கிவிடுகிறது.

சங்கத்துப் பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். உங்களிற் கடை நடத்துவோர், மேசன் வேலை செய்வோர், தையல் தைப்போர், தோட்டஞ் செய்வோர் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். நீங்கள் மனத்திலே எப்படிக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்பதை வாயாற் சொல்லுங்கள். அதனை எழுத்திலே எழுதிக் காட்டுவது எங்கள் வேலை. நீங்கள் சொல்வதுதான் அட்சரகணிதம் என்பதைக் காணும்போது பிள்ளைகளுக்கும் வியப்பு உண்டாகும்; உங்களுக்கும் உண்டாகும்.

அந்தத் தேங்காய்க் கடைத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். அன்று சந்தையிலே, அவன் சொன்ன கணக்கை ஒரு பழைய கடதாசிப் பையின்மேல் அடைப்போடு எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். "அண்ணை, போன வருசம் நீங்கள் பலகையிலை எழுதினது இதுவோ?" என்று கேட்டான். "இதுதான் தம்பி" என்றேன். "அப்ப அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!" என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இப்பொழுது அவன் சனிக்கிழமைகளிற் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வகுப்புக்கு வருகிறான். மீண்டும் பரீட்சை எழுத இருக்கிறான். பெறுபேறு எப்படி வருமோ, அதை நான் முன்கூட்டிச் சொல்லமாட்டேன். ஆனால் "எனக்குக் கணக்கு ஓடாது" என்று அவன் இப்பொழுது சொல்வதில்லை, "ஏன் அண்ணை?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் விடை சொல்லக்கூடிய ஆசிரியனாக நான் ஆகவேண்டும் என்பதே எனது ஆசை.